மூன்றில் இரண்டு கையெழுத்து

மண்டபக்காரரை முதன்முதலில் சந்தித்தபோது அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதுல ஒரு தபா எழுதிட்டா யாராலயும் மாத்த முடியாதுன்றாரு மாப்ள. நெசமாம்மா?”

“மாத்த முடியாத மாதிரியும் எழுதலாம் சார். மாத்தற மாதிரியும் எழுதலாம்.”

“அப்ப மாத்தற மாதிரியே எழுதிடு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன் என்னைப் பார்த்தார். யாராலும் மாற்ற முடியாது என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் மாமனாரை அந்த மேசை வரைக்கும் கொண்டுவந்திருந்தார். நான் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அதைக் கலைத்துவிட்டேன்.

இரும்புலியூரில், அவருடைய கல்யாண மண்டபங்களில் பழையதன் அலுவலக அறையில் இது நடந்தது. அந்தக் குடும்பம் முன்பு அங்கே நெல் பயிரிட்டது. ஜிஎஸ்டி சாலை அகலமாகி நிலத்துக்கு விலை ஏறியதும் வயலில் ஒரு பாகத்தை விற்று, மீதியில் மண்டபம் கட்டினார்கள். அடுத்தது வண்டலூர்ப் பக்கம். கடைசியாகக் கட்டியது ஊரப்பாக்கத்தில், குளிர்சாதன வசதியோடும் கார்கள் நிற்கப் பெரிய இடத்தோடும். கிராக்கியெல்லாம் அதற்குத்தான். அறையின் இன்னொரு மூலையில் பெரியவரின் மகள், அதாவது அந்த மருமகனின் மனைவி, ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எல்லா மண்டபங்களின் கணக்கும் அவர் பொறுப்பு. அன்று அவர் எதுவும் பேசவில்லை. எனக்கு மோர் வேண்டுமா என்று கேட்டதோடு சரி.

அதற்கு முன் நான் நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் பிரிவை மூடியபோது இன்னொரு வேலைக்குப் போகவில்லை. பிளாக்செயின் வேலைகளை வீட்டிலிருந்தே எடுத்துச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். மருமகனும் அதே கட்டடத்தில் வேறொரு மாடியில் வேலை பார்த்தவர். கீழே டீக்கடையில் பார்த்த பழக்கம்தான் எங்களுக்குள். எங்கள் வீடும் இரும்புலியூரில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்று தெரிந்ததும் கூப்பிட்டார்.

அவர்களுடைய பிரச்சினை இதுதான். பெரியவர் ஒரு தேதியைச் சொந்தக்காரருக்கு வாய்மொழியாகக் கொடுத்திருப்பார். மேலாளர் அதே தேதிக்கு வேறொருவரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். ஒருமுறை இரண்டு வீட்டுச் சமையல்காரர்களும் பாத்திரங்களோடு ஒரே வாசலில் வந்து இறங்கி, பேச்சு காவல் நிலையம் வரைக்கும் போயிருக்கிறது. மருமகன் ஒரு வழி யோசித்திருந்தார். ஒரு மண்டபம், ஒரு நாள், ஒரு டோக்கன். பணம் கட்டியதும் அந்த டோக்கன் வாங்கியவரின் போனுக்குப் போய்விடும். யார் போனில் அது இருக்கிறதோ அவருக்குத்தான் அன்று மண்டபம். வேண்டாமென்றால் வேறொருவருக்கு அனுப்பிவிடலாம். ஒரு நாளுக்கு இரண்டு டோக்கன் இருக்க முடியாததால் சண்டைக்கே இடமில்லை.

இந்தக் கணக்கு ஏதோ ஓர் அலுவலகத்தின் ஒரே கணினியில் இருந்தால், அங்கே இருப்பவர் திருத்திவிடலாம். பிளாக்செயினில் அது எங்கெங்கோ இருக்கும் ஏராளமான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்படுகிறது. ஒருவர் தன்னிடம் இருப்பதை மட்டும் திருத்தினால் மற்றவை ஏற்றுக்கொள்ளாது. டோக்கன் யாருக்கு எப்படிப் போகலாம் என்ற விதிகளும் ஒரு நிரலாக அதே கணினிகளில் போய் உட்காரும். அதைத்தான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்கிறோம். ஒருமுறை ஏற்றிவிட்டால் அந்த நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொட முடியாது. மருமகன் பெருமையாகச் சொன்னது அதைத்தான்.

ஆனால் தவறில்லாமல் நிரல் எழுதியவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒரே கான்ட்ராக்டாக எழுதாமல் இரண்டாகப் பிரித்துவிடுவோம். முன்னால் நிற்பது எல்லோரும் வந்து தட்டும் கதவு மாதிரி. யாரிடம் எந்த டோக்கன் என்ற பதிவும் அதனிடம்தான் இருக்கும், விதி எதுவும் அதற்குத் தெரியாது. ஒருவர் வந்து கேட்டால், பின்னால் இருக்கும் இன்னொரு நிரலைக் கேட்டுத்தான் பதில் சொல்லும். விதிகளை மாற்ற வேண்டுமானால் பின்னால் புதிதாக ஒன்றை வைத்து, இனி இதைக் கேள் என்று முன்னால் இருப்பதிடம் சொன்னால் போதும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முகவரி அதே முகவரி, பதிவு அதே பதிவு.

அதை மருமகனுக்குத் தனியாக விளக்கினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

“அப்ப மாமா நினைச்சா எப்ப வேணா மாத்திடலாம் இல்ல? எக்ஸல் ஷீட்டே வெச்சிருக்கலாமே மேடம்.”

“யார் மாத்தலாம்னு நாம முடிவு பண்ணலாம் சார். ஒருத்தரால மட்டும் முடியாத மாதிரி வைக்கலாம்.”

அப்படித்தான் மூன்று சாவிகள் என்று முடிவாயிற்று. பின்னால் இருக்கும் நிரலை மாற்ற மூன்றில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். ஒரு சாவி பெரியவருக்கு, ஒன்று மருமகனுக்கு. மூன்றாவது யாருக்கு என்ற கேள்வி வந்தபோது பெரியவர் என்னைக் காட்டினார். நான் வேலை முடிந்ததும் போகிறவள், அது சரிப்படாது என்றேன்.

“எங்கம்மா போப்போறே? அந்தாண்டதான வூடு?” என்றார்.

சாவி என்றால் பென் டிரைவ் அளவுள்ள ஒரு கருவி. சின்னத் திரை, அழுத்த இரண்டு பொத்தான்கள். அழுத்துவதுதான் கையெழுத்து. அடுத்த வாரம் போனபோது பெரியவர் அதை அலுவலகச் சுவரில், ஜெனரேட்டர் அறைச் சாவிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். எடுத்து பீரோவில் வைக்கச் சொன்னேன். “பீரோ சாவியும் அதே ஆணிலதான் மாட்றோம்” என்றார். 

முதல் சில மாதங்கள் நன்றாகவே ஓடின. எனக்குத்தான் முகூர்த்தக் கணக்கு புதிது. எங்கள் வீடுகளில் தவக்காலத்தைத் தவிர்த்தால் போதும், பாதிரியாருக்கு எந்தச் சனிக்கிழமை சௌகரியமோ அன்று கல்யாணம் நடந்துவிடும். இங்கே ஆடியில் ஒரு டோக்கன்கூட விற்காது, ஆவணி வளர்பிறை முகூர்த்தம் ஒன்று ஒரு காலைக்குள் தீர்ந்துவிடும். மாலை வரவேற்புக்கு ஒருவர், மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு ஒருவர் என்று அரை நாளாக வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தபோது முதல் மாற்றம் தேவைப்பட்டது.

அதை எழுதும்போது ஒரு பிழை செய்தேன், நல்லவேளையாக, உண்மையில் ஏற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் சோதனை வலையிலேயே. முன்னால் நிற்கும் கான்ட்ராக்டுக்கு விவரங்களின் பெயர்கள் தெரியாது, இடங்கள் மட்டும்தான் தெரியும். முதல் இடத்தில் இருப்பது இது, இரண்டாவதில் இருப்பது அது என்று வரிசைப்படிதான் அது எடுக்கும். புதிய விவரத்தை வரிசையின் கடைசியில் சேர்க்க வேண்டும். நான் படிக்க அழகாக இருக்கட்டும் என்று நடுவில் செருகிவிட்டேன். அதற்குப் பின் வந்ததெல்லாம் ஓர் இடம் தள்ளிப்போய், சோதனையில் வண்டலூர் மண்டபத்தின் முழு ஆண்டும் இல்லாத ஒரு முகவரிக்குச் சொந்தமாகிவிட்டது. திருத்தினேன். பெரியவரும் மருமகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டார்கள். பெரியவர் பொத்தானை அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

“போதும் மாமா, போயிடுச்சு,” என்றார் மருமகன்.

“போனா தெரியணும்ல?” என்றார்.

பிரச்சினை வந்தது அடுத்த ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தேவாலயத்திலிருந்து திரும்பியிருந்தோம். பெரியவர் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு எங்கள் இரண்டாம் மாடிக்கு மூச்சு வாங்கியபடி ஏறி வந்தார். போனில் சொல்லியிருந்தால் நானே போயிருப்பேன். அவர் வந்ததிலேயே விஷயம் பெரியது என்று தெரிந்துவிட்டது.

“சின்ன வேலைதாம்மா,” என்று ஆரம்பித்தார். “என் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். பையன் வெளிநாட்ல கீறான். அவனுக்கு லீவு அப்பதான், முகூர்த்தமும் அது ஒண்ணுதான் தோதா கீது. ஊரப்பாக்கம் மண்டபம் அன்னிக்குப் பாத்தா அந்த டெகரேஷன்காரன்கிட்ட மாட்டிகினு கீது.”

மேற்குத் தாம்பரத்தில் மேடை அலங்காரம் செய்யும் ஒருவர் நல்ல முகூர்த்த நாள்களாகப் பார்த்துச் சில டோக்கன்களை வாங்கி வைத்திருந்தார். மண்டபம் தேடுபவர்களுக்கு மண்டபமும் அலங்காரமும் சேர்த்துத் தருவார். விதிப்படி அதில் தவறு எதுவும் இல்லை. அந்த விதிகளை எழுதியவள் நான்.

“அவர்கிட்ட கேட்டீங்களா சார்?”

“நான் எதுக்கும்மா கேக்கணும்? எங்கிட்ட சீரியல் லைட் கட்டிகினு இருந்தவன் அவன். என் மண்டபத்துல, என் வூட்டுக் கல்யாணத்துக்கு, அவன்கிட்ட போய் நிக்கணுமா நானு?”

“அப்ப என்ன பண்ணணும்னு சொல்றீங்க?”

“நாம குடுத்ததை நாமளே திருப்பி எடுத்துக்கற மாதிரி ஒண்ணு எழுதிடு. அவன் காசை அவனுக்குத் திருப்பிக் குடுத்துடறேன், கூடவே ஏதாவது போட்டுக்கூடக் குடுக்கறேன். ஏமாத்தல.”

“மருமகன் சார் என்ன சொல்றாரு?”

“கையெழுத்துப் போட மாட்டாராம். யாராலயும் திருப்பி எடுக்க முடியாதுன்னு போர்டுல எழுதிட்டோமாம்.” மாம்பழப் பையை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். “நீயும் நானும் போட்டா போதும்ல?”

போதும் என்றேன். உண்மை அதுதான். எழுதிப் பார்க்கிறேன், கையெழுத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

என் கணவர் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறவர். பெரியவர் போன பிறகு காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டார்: “அவர் மண்டபம். காசையும் திருப்பிக் குடுக்கறேன்றார். நீ கோடு எழுதறவ. உனக்கென்ன இதுல?”

“எழுதறது மட்டும்னா எழுதிடுவேன். கையெழுத்தும் என்னோடதா இருக்கே.”

“அதை எதுக்கு வாங்கிக்கிட்டே?”

 எல்லோரையும் போல, அது ஒருநாளும் தேவைப்படாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எழுதிப் பார்த்தேன். மிகச் சின்ன வேலைதான். வைத்திருப்பவரைக் கேட்காமல் எந்த டோக்கனையும் மண்டபத்துக்குத் திருப்பும் சில வரிகள். காரணம் என்ன என்று கேட்க அவற்றில் இடமில்லை. அண்ணன் பேத்தியின் கல்யாணத்துக்கும் அவை வேலை செய்யும், அதிக வாடகைக்கு வேறொருவர் வந்தாலும் வேலை செய்யும். சரி, அந்த ஒரு நாளின் டோக்கனை மட்டும் எடுக்கும்படி மாற்றி எழுதினேன். அதைப் படித்தபோது எல்லோருக்கும் பொதுவான விதிகளுக்கு நடுவில் ஒரு மனிதரின் வீட்டு எண்ணை எழுதி வைத்த மாதிரி இருந்தது. இரண்டையும் அழிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மின்சார ரயில் ஏறி ஊரப்பாக்கம் போனேன். அந்த மண்டபத்தில் அன்று மாலை ஒரு வரவேற்பு. டெகரேஷன்காரர் மேடையில் நின்றுகொண்டு பின்திரைத் துணியை இழுத்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். போன் செயலியில் சந்தேகம் கேட்டு முன்பே இரண்டொரு முறை என்னோடு பேசியிருக்கிறார். நான் வந்த காரணத்தை மறைக்காமல் சொன்னேன்.

“அப்ப எடுத்துக்கலாமா மேடம்? எடுக்க முடியாதுன்னுதான சொல்லி வித்தாங்கோ?”

“இப்ப முடியாது. மாத்தி எழுதினா முடியும்.”

“மாத்தி எழுத முடியும்னு அப்ப யாரும் சொல்லலயே.”

“கான்ட்ராக்ட்ல இருக்கு. யார் வேணா படிக்கலாம்.”

“நான் இன்னாத்தக் கண்டேன், அது இங்கிலீஷ்ல கீது.” கோபமில்லாமல்தான் சொன்னார். துணியைக் கட்டுகிறவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் மேலே என்று கை காட்டிவிட்டு, மேடை விளிம்பில் உட்கார்ந்தார். “மேடம், அந்தத் தேதிய நான் யாருக்கும் இன்னும் குடுக்கல. அவரு ஒரு போன் போட்டு, ‘டேய், வேணும்டா’ன்னா குடுத்துகினு போய்கினே இருப்பேன். வாங்கின வெலைக்கே குடுத்துடுவேன். பதினெட்டு வயசுல அவர்கிட்டதான் வேலைக்குச் சேந்தேன். ஆனா புடுங்கினா வுட மாட்டேன். எனக்கு ஒரு தேதி போனா பேஜார் இல்ல. நாளைக்கு எவன் வாங்குவான் இத?”

“நீங்களே அவருக்கு ஒரு போன் போடலாமே?”

“நான் எதுக்குப் போடணும்? எனக்கா கல்யாணம்?”

திரும்பி வரும் வழியில் இது முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒருவருக்குத் தேவை, இன்னொருவர் கொடுக்கத் தயார். வீட்டுக்கு வந்ததும் பெரியவரைப் போனில் கூப்பிட்டு, கேட்டால் கொடுத்துவிடுவார் சார் என்றேன்.



“அவன்கிட்ட நீ போனியா?”

“ஆமா சார்.”

“உன்ன யாரு போகச் சொன்னது? அப்ப நான் கேட்டு அனுப்புன மாதிரிதான ஆச்சு?”

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. இனி வேண்டாம், அந்தச் சாவியை ஒப்படைத்துவிடு, நாவலூரில் ஒரு பையன் இருக்கிறான், அவனை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சரி சார் என்றேன். போனை வைத்தபோது எனக்கு வருத்தம் இல்லை. தோளிலிருந்து ஒரு பையை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது.

ஒப்படைப்பதற்கான வேலையைச் செய்ய உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு சாவிக்காரரை நீக்கி இன்னொருவரைச் சேர்க்கவும் மூன்றில் இரண்டு கையெழுத்து வேண்டும். மருமகன் போட மாட்டார் என்பதால் அந்த இரண்டும் பெரியவருடையதும் என்னுடையதும்தான். அவர் சொல்லும் பையனுக்கு நான் இடம் விட்டால், அடுத்த நிமிடமே அந்தப் பையனும் அவருமாகச் சேர்ந்து தேதியை எடுத்துவிடலாம். விலகிக்கொள்வதும் கையெழுத்துப் போடுவதும் எனக்கு ஒன்றுதான். ஒதுங்கி நிற்க ஓர் இடம் நான் எழுதிய கான்ட்ராக்டில் எங்குமே இல்லை.

இருவருக்கும் ஒரே செய்தியாக எழுதி அனுப்பினேன்: நான் விலகத் தயார், நீங்கள் இருவரும் ஒத்துக்கொள்ளும் யாருக்கும் சாவியை மாற்றித் தருகிறேன், ஒருவர் மட்டும் சொன்னால் மாட்டேன். பெரியவரிடமிருந்து பதில் வரவில்லை. மருமகன் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“மேடம், தேங்க்ஸ். தயவுசெய்து விட்டுடாதீங்க. நீங்க போனா எல்லாம் முடிஞ்சுது.”

“நீங்களே அந்த டெகரேஷன் சார்கிட்ட கேட்டு வாங்கிக் குடுத்திருக்கலாமே?”

“நான் கேட்டா மாமாவுக்கு எதிரா அவரோட சேர்ந்துட்டேன்னு ஆயிடும். ஏற்கனவே இது என் ஐடியான்னுதான் திட்டறாரு.”

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் என்னிடம் வேண்டியிருந்தது என் கட்டைவிரல் மட்டும்தான் என்று அன்று தெரிந்தது. பெரியவருக்கு அது அழுத்த வேண்டும், இவருக்கு அது அழுத்தாமல் இருக்க வேண்டும்.

பிறகு சில நாள் யாரும் பேசவில்லை. அடுத்து வந்த அழைப்பு நான் எதிர்பார்க்காதது. பெரியவரின் மகள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். டெகரேஷன் அண்ணா அந்தத் தேதியை என் போனுக்கு அனுப்பினார்னா, அவர்கிட்டேர்ந்து வந்ததுன்னு அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். யார் வேணா பார்க்கலாம். அழிக்க முடியாது.”

“நான் போய்க் கேட்டேன்னு தெரியுமா?”

“அது இருக்காது. அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு வந்திருக்கு. அவ்வளவுதான் பதிவாகும்.”

“அப்ப சரி.” பிறகு சொன்னார்: “காலையிலயே கேட்டுட்டேன் அக்கா. அண்ணா, எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வேணும்னேன். ‘இதை மொதல்லயே நீ கேட்டிருக்கக் கூடாதாம்மா’ன்னார். என்னை யாரு கேட்டாங்க? அப்பா என் வீட்டுக்காரர்கிட்ட பேசறார், அவர் உங்ககிட்ட பேசறார், அப்பாவும் உங்ககிட்டதான் பேசறார். நான் அதே ரூம்லதான் உட்கார்ந்திருக்கேன்.”

திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஊரப்பாக்கத்தின் அந்த ஒரு நாள் ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு நகர்ந்தது. எந்த விதியும் மாறவில்லை. முதல் நாளிலிருந்தே அப்படி நகர அதற்கு வழி இருந்தது.

கல்யாணம் நடந்தது. அழைப்பிதழை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நானும் என் கணவரும் போனோம். அலங்காரம் வேறு யாரோ செய்திருந்தார்கள், அது மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. பெரியவர் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டது போலவே எங்களையும் கும்பிட்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். தேதி எப்படி வந்தது என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மூன்று பேரையும் பழைய மண்டபத்து அலுவலகத்துக்கு வரச் சொல்லி, சாவியை மகளுக்கு மாற்றலாம் என்று நானே சொன்னேன்.

“அவளா?” என்றார் பெரியவர்.

“அவளுக்கு இந்த டெக்னிகல் விஷயமெல்லாம்…” என்று மருமகன் ஆரம்பித்தார்.

இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசுவதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். மகள் ரசீதுக் கட்டை மூடி வைத்தார்.

“நான் வேணாம்னா ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு பேர் சொல்லுங்க. எழுதிக்கலாம்.”

 பெரியவர் ஒரு பெயரைச் சொன்னார், மருமகன் தலையாட்டவில்லை. மருமகன் ஒரு பெயரைச் சொன்னார், பெரியவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் பெரியவர்தான் பீரோவைத் திறந்து தன் கருவியை எடுத்துவந்தார். மருமகனும் சரி என்று தலையாட்ட, பெரியவரும் நானும் கையெழுத்திட்டோம். மகள் தன் புதிய கருவியில் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வேலையில் எனக்கு அதோடு எந்த உரிமையும் இல்லை. எடுத்த வேலை முடிந்தது என்று மட்டும் நினைத்தேன். வேறு வேலைகள் வந்தன.

மழைக்காலத்தில் வண்டலூர் மண்டபத்துக்கு முன்னால் சாலையில் தண்ணீர் நின்றுவிட்டது. சிலருடைய தேதிகளைத் தள்ளிவைக்க வேண்டிய நிலை. நாவலூர்ப் பையனை வைத்து ஒரு மாற்றம் எழுதியிருப்பதாகவும், ஒருமுறை படித்துப் பார்க்க முடியுமா என்றும் மகள் கேட்டார். படித்தேன். மண்டபம் ஒரு தேதியைத் திரும்ப எடுத்து வேறு தேதி கொடுக்கலாம் என்று இருந்தது. ஆனால் டோக்கனை வைத்திருப்பவரும் தன் போனில் சம்மதம் என்று அழுத்தினால்தான் அது நடக்கும். அதற்கு முன் ஒவ்வொருவரையும் தானே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டதாகவும், இரண்டு பேர் நன்றாகத் திட்டியதாகவும், மற்றவர்கள் ஒத்துக்கொண்டதாகவும் சொன்னார். நிரலில் ஓரிடத்தில் மட்டும் பெயர் குழப்பமாக இருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

அன்று மாலையே அது ஏறிவிட்டது. எந்த இரண்டு சாவிகள் என்று பார்த்தேன். மகளுடையதும் மருமகனுடையதும். பெரியவருடையது தேவைப்படவில்லை.

“அப்பா இல்லையா?” என்று கேட்டேன்.

“பக்கத்துலதான் இருந்தார் அக்கா. ‘ரெண்டு பேரும் போட்டுட்டீங்களா’ன்னு கேட்டார். ஆமான்னோம். அப்புறம் மோட்டார் போட்டாச்சான்னு பாக்க வெளிய போயிட்டார்.”